ஒரு மொட்டை

என் அக்காவோடு பேசுவதற்குத் தனியாக ஒரு படிப்புப் படித்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. பிறந்ததிலிருந்து தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

தந்தி ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டுவார்கள். அக்கா பென்சிலை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாக அடித்து, ஐந்தாறு வார்த்தையில் கொண்டுவந்து நிறுத்துவாள். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய காலம், அவர்களுக்கு மிச்சம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பென்சிலை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். "எடுத்தாச்சா?" என்பாள். எதை என்று கேட்டால் முறைப்பாள். "வரல" என்பாள். யார் வரவில்லை, தபால்காரரா, தண்ணீரா, தூக்கமா? நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவளைத் 'தந்தி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வராது. மூன்றே எழுத்து, சிக்கனம்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். அப்பாவுக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று தெரியும். ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து தந்தி வந்தது: "அப்பா முடிந்தது வா." என் வீட்டுக்காரர் கடையில் பாதி முகம் வழித்திருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் அழுதுகொண்டே போனோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் கதற, கூட்டம் கூடிவிட்டது. உள்ளே அப்பா கட்டிலில் சாய்ந்து பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டு, "யாருக்கு என்னம்மா?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஆபரேஷன்" என்றாள் அக்கா. "முடிஞ்சுது."

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததில் பாதிப் பங்கு அவருடையது. அவர் முடிதிருத்துகிறவர். கை சுத்தம், தொழில் சுத்தம். ஒரே ஒரு கோளாறு, கேள்வி கேட்க மாட்டார். கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். நாற்காலியில் உட்கார்ந்தவர் "கொஞ்சம்" என்றால் போதும், அதற்குமேல் அவருக்கே தெரியும். பேச மாட்டாத அக்கா ஒரு பக்கம், கேட்க மாட்டாத புருஷன் ஒரு பக்கம். நடுவில் கடைத் துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு நான்.

தந்திப் பிரிவை மூடிய வருஷம் அக்காவைப் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். பார்சல் கட்டுகிறவர்கள் நிறையப் பேசுகிறவர்கள் என்பது அவளுக்குப் பெரிய வேதனை. அந்த வருஷம்தான் ஒரு நாள் நர்சரிப் பக்கம் போனவள் கமேலியாச் செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வருஷம் முழுக்க இலை உதிராத புதர்ச்செடி. இலை எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருக்கும். பூ, நர்சரிக்காரர் காட்டிய படத்தில் ரோஜாவுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஆனால் குளிர்காற்று ஒரு வீசு வீசினால் போதும், மொட்டு கருகிவிடும். எங்கள் ஊரிலோ குளிர்காலத்தில் காற்று வாரத்துக்கு ஏழு நாளும் வேலை பார்க்கும்.

"இதை ஏன் வாங்கினே?" என்றேன்.

அக்கா செடியின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். நர்சரிக்காரர் கையெழுத்து: 'அரை நிழல். காற்று ஆகாது. சுண்ணாம்பு ஆகாது. பொறுமை.'

"ஏழு வார்த்தை" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு மரியாதையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் நாலு எட்டு நீளத்துக்கு ஒரு முற்றம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், காற்று உள்ளே வர வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும். அங்கே ஒரு மூலையில்தான் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணில் நட்டாள். அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்தச் செடி எங்கள் உயிரை வாங்கியது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதாம், ஆகாது. மழைத் தண்ணீர்தான் வேண்டுமாம். எங்கள் கடைக் கூரையிலிருந்து ட்ரம்மில் பிடித்து என் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டுச் சொந்தக்காரர் முற்றத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். அக்கா சுவருக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு "கூடாது" என்றாள். ஏன் கூடாது என்று அந்த ஆளுக்குச் சொல்லியிருந்தால் அவனே போயிருப்பான். சொல்லவில்லை. அரைநாள் நின்றாள். அந்தச் சுவர் கடைசிவரை அழுக்காகவே இருந்தது.

நாலாவது வருஷம் ஒன்பது மொட்டு வந்தது. அந்தச் சமயம் பார்த்து நான் அவளை வற்புறுத்தி ஒரு கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து நாள். திரும்பி வந்தபோது மண் காய்ந்து, ஒன்பதும் தரையில் கிடந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன்னால" என்றாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நன்றாகத் திட்டு வாங்கியிருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்கும்.

ஆறாவது வருஷம் செடி அவள் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று மொட்டு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எண்ணுவாள். அதே வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். பின்கட்டை இடித்துவிட்டு மாடி எழுப்பப் போகிறாராம், குளிர் முடிந்ததும் வேலை ஆரம்பமாம், இரண்டு மாதத்தில் காலி செய்து கொடுக்க வேண்டுமாம். சுவரும் போகும், முற்றமும் போகும், செடி நிற்கிற இடத்தில் தூணுக்குக் குழி தோண்டுவார்கள்.

நாங்களும் அந்த ஊருக்கே வந்து வருஷக்கணக்காகிறது. கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடு என்று நான் மூன்று வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மறுபடியும் கேட்டேன்.

"வேண்டாம்."

"செடியையும் தோண்டி எடுத்துக்கிட்டு வந்துடலாமே?"

"முடியாது."

"ஏன் முடியாது?"

அக்கா எழுந்து மொட்டுகளை எண்ணப் போய்விட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. இந்த நாற்பத்து மூன்றும் ஒருமுறை விரிவதைப் பார்த்துவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு அது ஒன்றுதான் அவள் கேட்கிற கூலி. அடுத்த வருஷம் என்று ஒன்று அந்தச் செடிக்கு இல்லை.

இந்த நேரத்தில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு கையால் சமைக்க முடியாது என்பதால், கை சரியாகும்வரை மட்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். தினமும் காலையில் பத்து நிமிஷம் நடந்துபோய் இடது கையால் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். மொட்டுகள் நிலக்கடலை அளவுக்குத் திரண்டிருந்தன. இன்னும் மூன்று வாரம் என்றாள்.

இப்போது எங்கள் கடைப் பேச்சு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் யாரும் 'மொட்டை அடிப்பது' என்று சொல்லக்கூடாது. அடிப்பது என்றால் பிள்ளைகள் பயந்துவிடும் என்பது என் வீட்டுக்காரர் அபிப்பிராயம். 'மொட்டை எடுப்பது' என்றுதான் சொல்ல வேண்டும். வாடிக்கையாக வருகிறவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். பேன் பிடித்த பிள்ளையைத் தரதரவென்று இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு மொட்டை எடுத்துடுங்க, அப்பதான் முடி நல்லா வளரும்" என்பார்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது சொல்வார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் ஈ நுழைய இடமில்லை. இவர் ஒருவரின் தாடையில் கத்தியை வைத்திருந்தார். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கட்டுப்போட்ட கையோடு கதவோரம் வந்து நின்றாள். மறுநாள் திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. அவளை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

"மாப்ளே" என்றாள். "நாளைக்கு நீங்க போங்க."

"சரி அண்ணி."

"ஒரு மொட்டை எடுத்துடுங்க. அப்பதான் பூ பெருசா வரும்."

"சரி அண்ணி."

இவ்வளவுதான் பேச்சு. ஒரே காம்பில் இரண்டு மொட்டு ஒட்டிக்கொண்டு இருந்தால், அதில் ஒரு மொட்டைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் மற்றது பெரிதாக விரியும். செடி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாம். அவள் சொல்ல நினைத்தது அது. அதில் முன்பாதியைப் பென்சிலால் அடித்துவிட்டு, பின்பாதியை மட்டும் இவரிடம் அனுப்பிவிட்டாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துண்டு மடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது அப்படித்தான் காதில் விழுந்தது. செடிக்கும் மொட்டை எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'எதை' என்று கேட்டே பிழைப்பை ஓட்டிய நான், அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை. அக்காவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இவர் குளித்து முடித்து, தலை சீவி, திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை எடுத்தீங்க?" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும்தான் அண்ணி. நல்லா ஒட்ட எடுத்துட்டேன்."

அக்கா செருப்புக்கூடப் போடாமல் வாசலில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். என் வீட்டுக்காரர், ஏதோ பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் எங்கள் பின்னால் வந்தார்.

முற்றம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கூட்டித் தள்ளி, தழையெல்லாம் மூன்று சாக்கில் கட்டி ஓரமாக வைத்திருந்தார். மூலையில், முழங்கால் உயரத்துக்கு, ஐந்து குச்சிகள். ஒரு இலை இல்லை. ஐந்தும் ஒரே மட்டத்தில், ரசமட்டம் வைத்த மாதிரி. வேலை நறுவிசு என்றால் அப்படியொரு நறுவிசு. வெட்டின வாய் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஏதோ தடவியிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"படிகாரம்" என்றார் இவர். "வெட்டுப்பட்ட இடமாச்சே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்கா ஒரு சாக்கை இடது கையால் பிரித்து, உள்ளே கையை விட்டு, ஒரு கிளையை உருவினாள். அதன் நுனியில் இரண்டு மொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கிள்ளி இவர் கையில் வைத்தாள்.

"மொட்டு" என்றாள். "ஒரு மொட்டு."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த மொட்டைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அப்புறம் அங்கேயே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்தது இரண்டே தடவை. முதல் தடவை அந்தத் தந்தி.

அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசுவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று நாள் ஆனது. சாக்கிலிருந்து எடுத்த கிளைகளை வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். மொட்டுகள் பழுத்து உதிர்ந்தன. என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். வாடிக்கையாளர் "கொஞ்சம்" என்றால் "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார். வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பயந்துபோனார்கள். எனக்கோ இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தில் துண்டுகளைப் பிழிந்த பிழியில் இரண்டு கிழிந்தே போயின.

பத்தாவது நாள் இவர் வெட்டிய கிளை ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சரிக்காரரிடம் போய், அவரைக் கையோடு அழைத்துவந்துவிட்டார். நர்சரிக்காரரும் அதிகம் பேசாத மனுஷன்தான், அட்டையைப் பார்த்தாலே தெரியும். நாங்கள் எல்லோருமாக முற்றத்துக்குப் போனோம். அவர் குனிந்து நகத்தால் ஒரு குச்சியின் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை.

"பரவாயில்லையே" என்றார் அக்காவிடம். "கடைசியில மனசு வந்துடுச்சா?"

"எதுக்கு மனசு?" என்றேன் நான்.

"எடம் மாத்தணும்னு இவங்க அப்பவே வந்து கேட்டாங்க. இவ்வளவு தழையோட தோண்டினா செத்துடும், வேர் தாங்காது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிட்டுத்தான் எடுக்கணும்னு சொன்னேன். முடியாதுன்னுட்டுப் போயிட்டாங்க. இப்ப யாரோ அழகா வெட்டியிருக்காங்க."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த 'முடியாது'க்கு அர்த்தம் இதுதானா? செடியை மாற்ற முடியாது என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்! வெட்டுவதற்கு என் கை வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆகாதா? அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேனா? இத்தனை நாளும் அந்தச் செடிக்கு எதிரில் உட்கார்ந்து, வெட்டவும் மனசில்லாமல், விட்டுப்போகவும் மனசில்லாமல், தனியாக மொட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். வாய்விட்டே கேட்டேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேக்கா!"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து குச்சிகளின் அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க வலது கையைத் தூக்கி, கட்டு இடித்து, இடது கையால் துடைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை இவரும் நர்சரிக்காரரும் தோண்டினார்கள். மண் உதிராமல் வேரைச் சுற்ற ஈரச் சாக்கு போதவில்லை. என் வீட்டுக்காரர் கடைக்கு ஓடி, முடி வெட்டும்போது போர்த்துகிற துணி இரண்டைக் கொண்டுவந்து, கழுத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரியே பதமாகக் கட்டினார். தள்ளுவண்டியில் ஏற்றிக் கடைக்குப் பின்னால் கொண்டுவந்தோம். அங்கே வெந்நீர் பாய்லர் வைத்த சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு மூலை இருக்கிறது. காற்று வராது, சுவர் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அங்கே உடைந்த நாற்காலியைப் போட்டு வைத்திருந்தோம்.

செடியை நட்டு, மழைத் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் நான் கேட்டேன். "சரி, செடி வந்தாச்சு. நீ?"

"நானும்" என்றாள்.

மூன்று வருஷம் கெஞ்சினேன். கூடப்பிறந்தவளுக்காக வராதவள் ஐந்து குச்சிக்காக வருகிறாள். வயிறு எரிந்தது. அன்றைக்கே அறையைக் கழுவி விட்டேன்.

முதல் வருஷம் இலை மட்டும் வந்தது. மாவுக்கட்டைப் பிரித்து, கை பழையபடி ஆகி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிற அளவுக்கு வந்துவிட்டாள். இரண்டாவது வருஷமும் இலைதான். அக்கா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகவே மாட்டார். வெந்நீர் எடுக்க வேண்டுமானாலும் என்னைத்தான் அனுப்புவார். தவிர்க்க முடியாமல் போனால், செடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய்லரை ஏற்றிவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம், போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் அதே கூட்டம். இவர் ஒருவரின் தாடையில் நுரை தடவிக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் வந்து நின்றாள். நான் துண்டைக் கீழே வைத்தேன்.

"மாப்ளே, பின்னாடி செடியில, சுவரைப் பார்த்த கிளையில, ஒட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு மொட்டுல, சின்னதா இருக்கற ஒரு மொட்டை மட்டும் கிள்ளி எடுத்துடுங்க."

பதினேழு வார்த்தை. நான் விரல் விட்டு எண்ணினேன். சொல்லிவிட்டு அவளுக்கே மூச்சு வாங்கியது. திரும்பிப் பின்பக்கம் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் நுரைக்கையோடு நின்றார். நாற்காலியில் இருந்தவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மெதுவாக என் பக்கம் வந்து, காதோரம் குனிந்து கேட்டார்.

"அண்ணிக்குக் கைதான் நல்லாயிடுச்சே. அவங்களே கிள்ளிக்கலாமே. எதுக்கு என்னைக் கூப்பிடறாங்க?"

முப்பது வருஷத்தில் என்னிடம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காத மனுஷன். இதையும் நான்தான் விளக்க வேண்டும்.

"கையைத் துடைச்சுக்கிட்டுப் போங்க" என்றேன். "காத்துக்கிட்டு இருக்கா."